பூட்ஸுக்குள் இலவம்பஞ்சு

கல்யாணமான புதிதில் என் கணவர் வடக்கே பனிமலையிலிருந்து எனக்கு எழுதிய கடிதங்களில் பாதி, சாக்ஸைப் பற்றியவை. கதவைச் சாத்திக்கொண்டு ஆசையாகப் பிரிப்பேன். நலம், நலமறிய ஆவல் என்று இரண்டு வரி இருக்கும். மூன்றாவது வரியிலேயே காலுக்கு வந்துவிடுவார். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி போட வேண்டும், உள்ளே போடுவது மெல்லியதாக இருக்க வேண்டும், நனைந்ததை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தால் விடிவதற்குள் காய்ந்துவிடும். இப்படியே இரண்டு பக்கம் போகும். அப்போது நான் கண்ணமங்கலத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். "மாப்ள இன்னா எழுதிகீறாரு?" என்று அம்மா கேட்பாள். "நல்லா கீறாராம்" என்பேன். சாக்ஸ் என்று சொல்ல வெட்கமாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு இருக்காது. லீவில் வருகிறவர்கள் கொண்டுவந்த சாமான்கள் ஊரெங்கும் பரவிக் கிடக்கும். பச்சைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏர் ஓட்டுவார்கள். மெஸ் டின்னில் குழம்பு வாங்கிக்கொண்டு போவார்கள். கிரவுண்ட் ஷீட்டில் மிளகாய் காயும். பிறந்ததிலிருந்து அவற்றைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அவை எங்கே, எதற்காகத் தேவைப்படுகிற சாமான்கள் என்று ஒருநாளும் யோசிக்கத் தோன்றவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் வந்த கடிதம் வேறு யாருடைய கையெழுத்திலோ இருந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிருக்கு ஆபத்தில்லை, கால் விரல்களில் சிலவற்றை எடுக்க வேண்டியிருந்தது என்று நாலே வரி. அந்தக் கடிதத்தில் சாக்ஸ் என்ற வார்த்தையே இல்லை. நான் அதைத்தான் முதலில் தேடினேன்.

பல மாதம் கழித்து, பட்டாளத்திலிருந்து விடுவித்து அனுப்பிவிட்டார்கள். சந்தவாசலில் அவருடைய வீட்டில் நாங்கள் குடித்தனம் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சித்திரை வெயிலிலும் சாக்ஸ் போட்டிருப்பார். குளிக்கப் போனால் தாழ்ப்பாள். படுக்கும்போதும் சாக்ஸ். ஒரே ஒரு முறை, எப்படி நடந்தது என்று கேட்டேன். "மூணு நாளு பனியில பூட்ஸ கழட்ட முடியல" என்றார். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று எல்லாருக்கும் தெரியும். பாத்திரம் பறக்கும் வீடு எங்களுடையது. ஆனால் இதில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவருடைய சாக்ஸைத் துவைப்பது நான்தானே. குதிகால் நைந்துபோய் இருக்கும், முனை மட்டும் கடையில் வாங்கியபோது இருந்தபடியே புதிதாக இருக்கும். என் புருஷனுடைய கால்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் மாவட்டத்தில் உள்ள கல்லூரி ஒன்றின் விளையாட்டு ஆசிரியர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வருஷா வருஷம் மாணவர்களை ஜவ்வாது மலைக்கு நடைப்பயண முகாமுக்குக் கூட்டிப்போக உத்தேசம், சாமான் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் வழிநடத்தவும் மலை தெரிந்த ஆள் வேண்டும், உச்சியில் இருக்கும் மொட்டைப்பாறை வரை அவர்களை ஏற்ற வேண்டும் என்றார். இவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒருக்கா மேல போய்ட்டு வந்து சொல்றேங்க. மொட்டப்பாறைக்கு என்னால ஏற முடிஞ்சா வர்றேன். முடியலன்னா வேற ஆள பாத்துக்குங்க" என்றார்.

ஸ்கூட்டர் சத்தம் மறைந்ததும் நான் சொன்னேன்: "நானும் வர்றேன்."

"இன்னாத்துக்கு?"

"விழுந்தா தூக்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். வந்த ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு அது. அதற்குள் எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. இவர் மலையிலிருந்து பாதியில் திரும்பினால், அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்காருவார். பிறகு எந்த ஸ்கூட்டர் வந்தாலும் வெளியே வரமாட்டார். அப்புறம் நான் ஆயுசு முழுக்க சாக்ஸ் துவைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எங்கள் கொல்லையில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். துணி உலர்த்தும்போது தினமும் பார்ப்பேன். மழை வருமா என்று தெரிந்துகொள்ளத்தான் பார்ப்பது. அதில் ஏறலாம் என்று நினைத்ததில்லை. மார்கழி என்று நாள் குறித்தோம். மழை விட்டிருக்கும், வெயில் உறைக்காது, ஓடையில் தண்ணீரும் ஓடும் என்று எல்லாக் கணக்கும் போட்டார். எல்லாம் சரியான கணக்கு, ஒன்றைத் தவிர. அதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

பூட்ஸிலிருந்து ஆரம்பித்தார். பெட்டியிலிருந்து பட்டாளத்துப் பூட்ஸை எடுத்து, போளூர் பஸ் நிலையத்துக்கு வெளியே செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனார். அடியில் லாரி டயர் ரப்பரை, முன்பக்கம் மட்டும் படகு போல மேலே வளைந்து நிற்கும்படி வைத்துத் தைக்கச் சொன்னார். நடக்கும்போது கடைசியில் மண்ணை உந்தித் தள்ளுவது விரல்தானாம். அது இல்லாதபோது பூட்ஸே உருண்டு முன்னே போக வேண்டும். அதைச் சொன்னபோது நான் முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்து பார்த்தேன். உண்மைதான். இருபத்து மூன்று வயது வரை என் கால் கட்டைவிரல் இவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அன்று பூராவும் வேலையை விட்டுவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பூட்ஸின் உள்ளே. முன்பக்கம் காலியாக இருப்பதை எதைக் கொண்டு நிரப்புவது? இதைத்தான் அவர் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார். முதலில் கந்தல் துணி அடைத்தார். மறுநாள் விடிகாலையில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பிறகு தேங்காய் நார். பிறகு சைக்கிள் டியூப் துண்டு. ஒவ்வொரு நாளும் போகும் தூரம் குறைந்துகொண்டே வந்தது. ஐந்தாம் நாள் மதியம் நான் என் தலையணையைப் பிரித்தேன். அது அம்மா சீராகக் கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணை. பஞ்சைப் பிய்த்து உதறி, கொட்டை பொறுக்கி, மஞ்சள் பையில் போட்டு அவருடைய அறை வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல அடுப்படிக்குப் போனேன். சாயங்காலம் பை காலியாகக் கதவில் தொங்கியது. மறுநாள் ஏரிக்கரையை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து, இன்னும் ஒரு தோசை கேட்டார். அன்றிலிருந்து நான் புடவையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன். நன்றாகவே தூக்கம் வந்தது.

முதுகுப்பையைப் பட்டாளத்தில் பித்து என்பார்கள். அவரிடம் ஒன்று இருந்தது. எனக்கு இல்லை. நான் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். பை என்ன பெரிய காரியம் என்று, படுக்கையைச் சுருட்டிக் கட்டும் பழைய ஹோல்டாலை வெட்டி என் மெஷினிலேயே தைத்தேன். மூன்று ஊசி உடைந்தது. தோள்பட்டையை எங்கே வைத்துத் தைப்பது என்பதில் சண்டை வந்தது. ஒரு படி அரிசியைப் பையின் அடியில் போட்டு என்னை நடக்கவிட்டார். இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. அதே அரிசியை நாலு விரற்கடை மேலே தூக்கி, முதுகோடு ஒட்டினாற்போல வைத்துக் கட்டினார். அரிசி எங்கே போயிற்று என்று திரும்பிப் பார்த்தேன். அதே ஒரு படிதான், அதே முதுகுதான். யாரோ பின்னால் நின்று பாதியைத் தாங்கிக்கொண்டது போல இருந்தது. எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷம் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள், கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து, எடுத்துக்கொண்டு போவது எல்லாவற்றையும் அதன்மேல் வைக்கச் சொன்னார். பட்டாளத்தில் இதுதான் வழக்கமாம். மேலதிகாரி வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பாராம். என் பக்கத்தில் குடை, முகம் பார்க்கும் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, முறுக்கு டின், பீங்கான் ஜாடியில் மாங்காய் ஊறுகாய், சோப்பு டப்பா, மாற்றுப் புடவை மூன்று எல்லாம் இருந்தன. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையைப் பார்த்து நடந்தார்.

"ஜாடி எதுக்கு?"

"ஊறுகாய வேற எதுல வெப்பாங்க?"

ஜாடி போனது. ஊறுகாய், வாழைச்சருகில் பொதியாக மாறியது. புடவையில் இரண்டு போயின. கண்ணாடி போனது. சீப்பைக் கையில் எடுத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாதியாக உடைத்து, ஒரு பாதியைத் திருப்பி வைத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் பக்கத்தில் இருந்தவற்றைப் பார்த்ததும் கோபம் அடங்கிவிட்டது. தீக்குச்சிகளின் தலையை உருக்கிய மெழுகில் முக்கி எடுத்து வைத்திருந்தார். தண்ணீரில் போட்டு எடுத்து, துடைத்து, உரசிக் காட்டினார், பற்றியது. உப்பு, ஃபிலிம் டப்பாவுக்குள் இருந்தது. தீப்பெட்டி அட்டையில் சுற்றிய நூலும் அதில் குத்திய ஊசியும் இருந்தன. வறுத்த கேழ்வரகு மாவும் வெல்லமும் அவலும் தனித்தனித் துணிப்பைகளில் இருந்தன. ஒவ்வொரு சாமானும் ஏதோ ஒரு கஷ்டத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது. எத்தனை ராத்திரிகளில், எவ்வளவு குளிரில் இவர் இவற்றையெல்லாம் கற்றிருப்பார் என்று நினைத்தபோது, அந்த ஜமுக்காளத்தின் ஓரத்தை மிதிக்காமல் ஒதுங்கி நின்றேன்.

கடைசியில் ஒரு சின்ன மருந்துப் பாட்டில் இருந்தது. அது நான் வைத்தது.

"இது இன்னா?"

"வெளக்கெண்ண. கால்ல வெடிப்பு கிடிப்பு வந்தா தடவிக்கலாம்னு..."

கால் என்ற சொல் வந்ததும் அவர் முகம் இறுகியது. பாட்டிலை எடுத்து ஜன்னலில் வைத்தார். "வேணாம். வெய்ட்டு."

அத்தனை சின்னப் பாட்டில் என்ன பெரிய கனம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் குளிக்கப் போய்த் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டதும், அதைத் துணியில் சுற்றி, அவர் சுருட்டி வைத்திருந்த பச்சைக் கம்பளிக்குள் கைமுட்டி வரை நுழைத்துச் சொருகினேன். அந்தக் கம்பளி அவருடைய பித்துவின் மேல்தான் போகும். அவரே சுமக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் படவேடு வரை பஸ். நாற்று நடும்போது செய்வது போலப் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நான் இறங்கியதைப் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். வாழைத்தோட்டங்களைத் தாண்டி ஒற்றையடிப் பாதை ஏறியது. அவர் முன்னால், நான் பின்னால். வளைந்த அடி ரப்பர் உருண்டு உருண்டு போவதையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு மணி நேரம் போனதும் மேலேயிருந்து மலைக்காரப் பெண்கள் நாலு பேர் இறங்கி வந்தார்கள். தலையில் நெல்லிக்காய் மூட்டை, அதற்கடியில் துணியைச் சுருட்டிய சும்மாடு, வெறுங்கால். சிரித்துப் பேசிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள். எங்கள் பட்டியலில் இருபத்தேழு சாமான் இருந்தது. அவர்களிடம் ஒரு சும்மாடு. இவர் ஓரமாக ஒதுங்கி நின்று, அவர்கள் கண்ணுக்கு மறைகிற வரை அந்தக் கால்களைப் பார்த்தார்.

அந்த மலையை எப்படிச் சொல்வது? கொல்லையிலிருந்து பார்த்தபோது அது ஒரே ஒரு நீலச் சுவர். உள்ளே போனால் சுவரே இல்லை. ஒரு மலைக்குப் பின்னால் ஒன்று, அதற்குள் பள்ளம், பள்ளத்துக்குள் மூங்கில் காடு, காட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத தண்ணீரின் சத்தம். காற்று நின்றபோது வந்த அமைதியில் என் ரத்தம் ஓடுவது எனக்கே கேட்டது. வளைவில் திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த உலகமெல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் கிடந்தது. இதையெல்லாம் வைத்துக்கொண்டா நான் துணி காயுமா, காயாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. மூச்சு வாங்குவது போலக் காட்டிக்கொண்டேன்.

அன்று ஓடைக்கரையில் தார்ப்பாயைக் கட்டித் தங்கினோம். மெழுகுத் தீக்குச்சி முதல் உரசலிலேயே பற்றியது. கம்பளியைப் பிரித்துவிடுவாரோ என்று பயந்தேன், தீயே போதும் என்று அதைச் சுருட்டியபடியே தலைக்கு வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் பனி எங்களுக்குக் கீழே கிடந்தது. இறக்கமான இடங்களில் மட்டும் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பூட்ஸுக்குள் பாதம் முன்னால் வழுக்கி, வெட்டிய இடம் போய் இடித்ததாம். ஏற்றத்தில் என்னைவிட வேகமாகப் போனார். பத்து மணிக்கு மேலே ஒரு மேட்டில் ஏறியதும் மொட்டைப்பாறை தெரிந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு முகடுதான் இருந்தது. முகடு முழுக்க ஒரே பாறை, எங்கள் தெரு அகலத்துக்குச் சமதளமாக. அதைத் தாண்டினால் கால் மணி நேர ஏற்றம், அவ்வளவுதான்.

பாறை மஞ்சளாக மின்னியது. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. அது சாமை. ஓரத்திலிருந்து ஓரம் வரை சாமையைப் பரப்பியிருந்தார்கள். அந்தக் கோடியில் இரண்டு மாடுகள் கதிரைச் சுற்றிச் சுற்றி மிதித்துக்கொண்டிருந்தன. ஒரு பெண் முறத்தால் தூற்றிக்கொண்டிருந்தாள். அது களம்.

நாங்கள் இருவரும் பாறை விளிம்பில் அப்படியே நின்றுவிட்டோம். இரண்டு பேருமே உழுது பிழைத்த வீட்டில் பிறந்தவர்கள். மார்கழியில் மலையில் சாமை அடிப்பார்கள் என்று தெரியாதா? மண் இல்லாத இடத்தில் பாறைதான் களம் என்று தெரியாதா? சாக்ஸ் முதல் சீப்பு வரை பார்த்தோம், இதை விட்டுவிட்டோம். தானியம் கிடக்கிற களத்தில் செருப்போடோ பூட்ஸோடோ ஏறக்கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அது எங்களுக்குச் சோறு பிசைகிற கை எது என்பது மாதிரி.

முறத்தோடு இருந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். "மேல போறீங்களாண்ணா? செருப்ப அங்கியே வுட்டுட்டு வாங்க. ஓரமா வழி வுடறேன்" என்றாள்.

"வேற வழி கீதாம்மா?" என்று கேட்டார். குரலே மாறியிருந்தது.

"பள்ளத்துல எறங்கி ஏறணும். மதியம் சாஞ்சிடும். எறக்கம் ரொம்ப மோசம்."

அவர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். செங்குத்தாக இறங்கியது. அதில் அந்தப் பாதங்களோடு இறங்க முடியாது என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. பிறகு திரும்பி, நாங்கள் வந்த வழியைப் பார்த்தார். ஏழு மாதத் தாழ்ப்பாளும் அந்தப் பார்வையில் இருந்தது. இவருக்குக் கால் சரியில்லை, பூட்ஸோடு விடுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் கெஞ்ச வாய் வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள். ஆனால் அவர் பிறகு என் முகத்தில் விழித்திருக்கமாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் ஷூவை மட்டும் கழற்றி ஓரமாக வைத்தேன்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கால்ல புண்ணாண்ணா? கோணி கீது, விரிச்சி வுடட்டா? மேல நடந்து வாங்க" என்றாள்.

"வேணாம்மா" என்றார்.

பித்துவை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். கயிற்றை அவிழ்க்க வெகுநேரம் ஆனது. இடது பூட்ஸ் வந்தது. மேல் சாக்ஸ், அதற்குள் மெல்லிய சாக்ஸ். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். திரும்பவில்லை. சாக்ஸ் உருவியபோது கூடவே ஒரு பஞ்சு உருண்டை வந்தது. என் தலையணைப் பஞ்சு. வாரக்கணக்கில் அழுந்தி அழுந்தி, ஐந்து விரல் இருந்த இடத்தை அச்செடுத்தது போல இறுகியிருந்தது. அதை அவர் மெதுவாகப் பூட்ஸுக்குள் திரும்ப வைத்தார். வலதையும் கழற்றினார். இடது காலில் விரலே இல்லை. வலது காலில் கட்டைவிரலும் அடுத்ததும் மட்டும் இருந்தன. மற்ற இடமெல்லாம் வழுவழுப்பாக, சிவந்து, குழந்தையின் தோல் போல இருந்தது. ஏழு மாதம் நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தானா என்று தோன்றியது. எனக்கு அருவருப்பு வரவில்லை, பரிதாபமும் வரவில்லை. இதை வைத்துக்கொண்டா இந்த மனிதன் இரண்டு நாளாக எனக்கு முன்னால் மலை ஏறினான் என்ற திகைப்புதான் வந்தது. கும்பிட வேண்டும் போல இருந்தது.

அந்தப் பெண் காலைப் பார்த்தாள். பிறகு பூட்ஸுக்குள் எட்டிப் பார்த்தாள். "எலவம்பஞ்சா?" என்றாள்.

"ஆமாம்மா."

"எங்க மரத்துப் பஞ்சாத்தான் இருக்கும். நாங்கதான் கீழ கொண்டாந்து போடறோம்" என்று சொல்லிவிட்டு, முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவர் பித்துவை மாட்டிக்கொண்டு எழுந்தார். முதல் அடியிலேயே உடம்பு முன்னால் சாய்ந்தது. கை நீண்டு என் தோளைப் பிடித்தது. ஊர் பார்க்க என் தோளில் அவர் கை வைத்தது அதுதான் முதல் தடவை. சாமை மேலே குளிர்ச்சியாக இருந்தது, அடியில் பாறை இளஞ்சூடாக இருந்தது. பத்தடி போனதும் தோளில் பாரம் குறைந்தது. பாதியில் கையை எடுத்துவிட்டார். குதிகாலை அழுத்தி, கொஞ்சம் ஆடி ஆடி, தானே நடந்தார். மாடு ஓட்டியவர் ஏதோ சொல்லி மாட்டை நிறுத்தி வழிவிட்டார். பாறையின் அந்த ஓரத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். சாமைப் பரப்பில் இரண்டு வரிசைத் தடம் இருந்தது. ஒன்றில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. இன்னொன்று முன்பக்கம் மழுங்கலாக, நேராகப் பாறையைத் தாண்டி வந்திருந்தது. அதற்குள் அந்தப் பெண் வந்து, கையால் தள்ளித் தள்ளி இரண்டையும் ஒன்றாகச் சமப்படுத்திக்கொண்டிருந்தாள்.

பூட்ஸைக் கயிற்றோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மறுபடி போட்டுக்கொள்வார் என்று நின்றேன். போடவில்லை. மொட்டைப்பாறை வரை அப்படியே ஏறினார், சில இடங்களில் கையையும் ஊன்றி.

உச்சியில் வெயிலும் காற்றும் மட்டுமே இருந்தன. கீழே ஏரிகள் ஒவ்வொன்றாக மின்னின. போளூர்ப் பக்கம் ரயில் ஒன்று சத்தமே இல்லாமல் ஊர்ந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு பெரிதாக இருந்தது நாங்கள் இருந்த உலகம். நான் எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. திரும்பியபோது அவர் பாறையில் சாய்ந்து, இரண்டு காலையும் வெயிலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதத்தில் அங்கங்கே கீறல். உமி ஒட்டிக்கொண்டிருந்தது.

"வலிக்குதாங்க?"

பித்துவைக் காட்டினார். "அந்தக் கம்பளிய பிரி. உள்ள ஒரு பாட்டிலு கீது."

எனக்கு முகம் சுட்டது. "எப்போ பாத்தீங்க?"

"பாக்கல. படவேட்ல தோள்ல மாட்டும்போதே தெரிஞ்சிது. என் கம்பளி வெய்ட்டு எனக்குத் தெரியாதா?"

தெரிந்தும் இரண்டு நாள் சுமந்திருக்கிறார். பாட்டிலை எடுத்தேன். அவர் காலைத் தூக்கி, தானாகவே என் மடியில் வைத்தார். உமியைத் துடைத்துவிட்டு, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது காலுக்கு வந்தபோது, மூடிய கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"காலேஜ் பசங்களுக்கு சாமான் லிஸ்ட் எழுதித் தரணும் இல்ல?"

"ஆமாங்க."

"வெளக்கெண்ண பாட்டிலு ஒண்ணு. அத்தயும் சேத்துக்க."